லாரிப் படத்தில் கடல்

“தம்பி, அந்தப் படத்துல கடலே இல்லையே.”

பிரான்சிஸ் அண்ணன் இதை மைக்கில் சொல்லவில்லை. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்கிற குரலில் சொன்னார். அப்படியும் அந்த மாடியில் இருந்த அறுபது பேருக்கும் கேட்டுவிட்டது.

நான் வலது கையை நீட்டியபடியே நின்றேன். ஒரு வினாடிக்கு முன்புவரை அந்தக் கை கடலைக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது அது சுவரில் தொங்கிய துணிக்கடை நாள்காட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில், மாக் மண்டின் பிளாட்டில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, இறங்கத் தெரியாமல் தவித்த கதையை எழுதியிருந்தேன். ‘காலால் மாட்டிக்கொண்டது போதும், வாயால் மாட்டிக்கொண்ட கதை உண்டா?’ என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். உண்டு. தாராளமாக உண்டு. இருப்பதிலேயே சிறந்தது இது.

நாற்காலி ஓட்டு

எங்கள் சினிமாக் கூட்டத்தைப் பற்றி முன்பே இரண்டு வரி எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இன்னொரு முறை.

ஜார்ஜ் டவுன் லிட்டல் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடி. பெரிய படம் ஏதாவது வந்தால், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே கூடுவோம். முதலில் பக்கத்துக் கடையில் பசியாறுவோம். காலி வயிற்றோடு வருகிறவன் நல்ல படத்தையும் திட்டுவான் என்பது கூட்டத்தை நடத்தும் ரேணுகா மேடத்தின் கொள்கை.

பிறகு விவாதம். தரையின் நடுவில் சிவப்பு டேப்பில் ஒரு கோடு. சன்னல் பக்கம் ஒரு கட்சி, சுவர்ப் பக்கம் மறு கட்சி. கை தூக்குவது, சீட்டு எழுதிப் போடுவது எதுவும் கிடையாது. பேச்சைக் கேட்டு மனம் மாறினால், உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் உட்கார வேண்டும். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் ஒரு நாற்காலி எழும் பாருங்கள், அந்தச் சுகமே தனி. நம் பக்கத்திலிருந்து ஒன்று எழுந்தால் அடுத்த வாக்கியம் மறந்துபோகும்.

இரு கட்சித் தலைவர்களும் மட்டும் நகரக் கூடாது. தலைவர் நாற்காலியைத் தூக்கினால் அந்தக் கட்சி அத்தோடு தோற்றது. விதி போட்டுப் பல வருடம் ஆகிறது. யாரும் அதை மீறியதில்லை. எந்தத் தலைவன் அப்படிச் செய்வான்?

அந்த வாரத் தலைப்பு: இரண்டாம் பாகம் முதல் பாகத்தை மிஞ்சுமா? காரணம், லாரிப் படத்தின் இரண்டாம் பாகம் அப்போதுதான் வந்திருந்தது. படத்தின் உண்மையான பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வருகிற கடிதமெல்லாம் அந்த நடிகரைப் பற்றியே இருக்கும். லாரி ஓட்டுகிற ஓர் அண்ணன், வம்பில் மாட்டிக்கொள்கிற தம்பி, காத்திருக்கிற அம்மா. இவ்வளவு தெரிந்தால் போதும்.

மிஞ்சவே மிஞ்சாது என்பது என் கட்சி. மிஞ்சும் என்பது பிரான்சிஸ் அண்ணன் கட்சி.

ஹெல்மெட்டுக்குள் ஒரு வானொலி

வெறும் நாற்காலிக் கணக்கு என்றால் தோற்றாலும் ஒரு டீயோடு போயிருக்கும். இந்தத் தடவை மைக் கிடந்தது நடுவில்.

ரேணுகா மேடம் பட்டர்வொர்த்தில் ஓர் இணைய வானொலி நடத்துகிறார். ஒரு கடைவீட்டின் பின்னறை. சுவரெல்லாம் முட்டை அட்டை, இரண்டு மைக், ஒரு காற்றாடி. சனிக்கிழமை காலை அரைமணி நேரம் சினிமா நிகழ்ச்சி. அதை நடத்தி வந்தவர் வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போய்விட்டார். இந்த ஞாயிறு யார் பக்கம் அதிக நாற்காலியோ, அந்தத் தலைவருக்கு அந்த அரைமணி நேரம் என்று மேடம் அறிவித்துவிட்டார்.

எனக்கு அது வேண்டும்.

நான் பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பட்டம் வாங்கிவிட்டு, நுண்ணோக்கி வழியாகச் சர்க்கிட் போர்டுகளைப் பார்க்கிற வேலை. எட்டு மணி நேரத்தில் நான் பேசுவது இரண்டே சொல்: ‘ஓக்கே’, ‘ரிஜெக்ட்’. மீதிச் சொற்களெல்லாம் உள்ளே வரிசை கட்டி நிற்கும். ஷிப்ட் முடிந்து மோட்டாரை எடுத்ததும் ஹெல்மெட்டுக்குள் அவிழ்த்துவிடுவேன். “வணக்கம் நேயர்களே, நான் உங்கள் கவின்.” இதையே பத்து விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒருவர் என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, தன்னிடம்தான் வழி கேட்கிறேன் என்று நினைத்துப் பாலத்துக்குப் போகும் வழியைக் கை காட்டினார்.

அம்மாவிடம் நிகழ்ச்சி கிடைத்துவிட்டது போலவே சொல்லியாயிற்று. அம்மா அதைக் கோயிலில் நாலு பேரிடம் சொல்லியாயிற்று. இனிமேல் தோற்பதற்கு வழியில்லை.

துருப்புச் சீட்டு

தவிர, என்னிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது.

இரண்டாம் பாகத்தை முதல் காட்சியிலேயே பார்த்தேன். படம் தொடங்கியதும் சிறைக் கதவு திறக்கிறது. நரைத்த தாடியோடு கதாநாயகன் வெளியே வருகிறான். தியேட்டர் முழுக்க விசில். நான் மட்டும் சோளப்பொரியை வாயருகே பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இவன் எப்போது சிறைக்குப் போனான்?

முதல் பாகத்தின் முடிவு எனக்கு அணு அணுவாகத் தெரியும். தம்பியைக் கரை சேர்த்துவிட்டு அண்ணன் புயலுக்குள் படகில் திரும்புகிறான். பொழுது புலரும் நேரம். அம்மா படகுத்துறையில் தனியாக நிற்கிறாள். கடல் தெரியவில்லை, ஒரே பனிமூட்டம். அதற்குள்ளிருந்து அவனுடைய பழைய லாரியின் ஹார்ன் மூன்று முறை கேட்கிறது. லாரி போய்விட்டது. ஹார்னை மட்டும் கழற்றிப் படகில் மாட்டியிருக்கிறான். அம்மா சிரிக்கிறாள். அவ்வளவுதான் படம். அவன் முகத்தைக்கூடக் காட்ட மாட்டார்கள்.

அந்த முடிவைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிறையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், ஒருவரும் கேட்கவில்லை. இதைவிடப் பெரிய துரோகம் உண்டா? இதை ஞாயிற்றுக்கிழமை மேடையில்தான் உடைப்பது என்று முடிவு செய்தேன். வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் மூச்சு விடவில்லை.

முதல் பாகத்தை ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதுதான் சங்கதி. மிகவும் பிடித்த படத்தை நான் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அது என் பெருமை. அந்தப் படத்தின் பாட்டும் சண்டையும் இணையத்தில் துண்டு துண்டாகக் கண்ணில் படும், அதோடு சரி. பல்கலைக்கழகத்தில் ஒரு நண்பன், “கடைசியில அவன் ஜெயிலுக்குப் போவானே” என்றான். அது தமிழ்நாட்டுப் பிரதி, நம் ஊருக்கு வேறு முடிவு வைத்து அனுப்பினார்கள் என்று அவனுக்கு நான் விளக்கம் சொன்னேன். அவனும் நம்பிவிட்டான். நான் சொன்னால் நம்புவார்கள். என்னுடைய எல்லாத் தொல்லைக்கும் அதுதான் காரணம்.

வேப்பிலையும் மூன்று டிஸ்க்கும்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறையில் அம்மை போட்டுவிட்டது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயாக வேண்டும். அக்காவுக்கு ஏற்கெனவே அம்மை போட்டு ஆறியிருந்ததால் என்னைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவளுக்கு. அக்காவுக்குப் பதின்மூன்று வயது. சொறிந்தால் தழும்பு நிற்கும், சொறிய விடாதே என்று அம்மா அவளிடம் சொல்லிவிட்டுப் போவார்.

லாரிப் படத்தை பிளாட்டில் இருந்த பையன்களெல்லாம் தியேட்டரில் பார்த்துவிட்டார்கள். நான் மட்டும் வேப்பிலை பரப்பிய பாயில். என் அழுகை தாங்காமல் அப்பா இரவுச் சந்தையில் அதன் விசிடியை வாங்கி வந்தார். சாயம் மங்கிய அட்டை, பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று டிஸ்க். அப்போதெல்லாம் ஒரு படம் ஒரு டிஸ்க்கில் அடங்காது. ஒன்று முடிந்ததும் எழுந்து போய் அடுத்ததைப் போட வேண்டும்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “சொறிஞ்சேன்னா நிப்பாட்டிருவேன்.”

ரிமோட் அவள் மடியில் இருந்தது. என் கை முகத்துப் பக்கம் போனால் போதும், கதாநாயகன் அந்தரத்தில் அப்படியே நிற்பான். கையை எடுத்தால் குதிப்பான். உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி அரிப்பு. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு இரண்டு டிஸ்க்கைப் பார்த்து முடித்தேன். வேப்பிலை காய்ந்து நொறுங்குகிற வாசனை இன்றைக்கும் எனக்குச் சண்டைக் காட்சியின் வாசனைதான்.

மூன்றாவது டிஸ்க்கில் கதாநாயகனுக்கு மீசை இல்லை. லாரியும் இல்லை. ஒரு படகு இருந்தது.

“மீசை எங்கக்கா?”

“எடுத்துட்டான். போலீஸ் தேடுதுல்ல?”

“இவங்க யாரு? முன்ன வந்தவங்க இல்லையே.”

“அவங்க தங்கச்சி லா. பேசாம பாரு.”

அம்மாவாக வந்தவர் மட்டும் அதே அம்மா. அதனால் முழுசாக நம்பிவிட்டேன். அந்தக் காலத்தில் பாதிப் படங்களுக்கு அவர்தான் அம்மா என்பது எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

படகு, புயல், படகுத்துறை, ஹார்ன். படம் முடிந்தது. இனி அக்காவால் நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை என்ற தைரியத்தில், இடது புருவத்துக்கு மேலே இருந்த ஒரு கொப்புளத்தை ஆசை தீரச் சொறிந்தேன். அந்த ஒன்று மட்டும் தழும்பாக நின்றுவிட்டது.

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள், தெரிகிறது. இருபது வருடமாக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உப்பு கேட்கிற குரல்

மேடைக்குத் திரும்புவோம்.

என் முதல் மூன்று நிமிடம் பிரமாதமாகப் போனது. அதை நானே சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. சன்னல் பக்கத்திலிருந்து நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்டி வந்தன. அந்தச் சூட்டோடு துருப்பை இறக்கினேன். பனிமூட்டம், அம்மா, ஹார்ன். கையை நீட்டிக் கடலைக் காட்டி, “இந்தக் கடலை அழிச்சிட்டுத்தான் அங்க ஒரு ஜெயில் கட்டியிருக்காங்க” என்றேன்.

அப்போதுதான் பிரான்சிஸ் அண்ணன் அதைச் சொன்னார்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. மாக் மண்டினில் ஒரு பட்டறையில் போர்மேன். ஞாயிறு காலைப் பூசை முடிந்து, நெற்றி வியர்வையோடு ஃபெரி பிடித்துத் தீவுக்கு வருவார். யாரையும் மடக்குவதற்காகப் பேசுகிறவர் இல்லை. அதனாலேயே அவர் சொன்னது ஆழமாக இறங்கியது.

“கடைசியில படகு வருமே, அண்ணே” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

“அது வேற படம், தம்பி. அதே ஹீரோ, மீனவன் கதை. அதுலயும் புயல்ல படகு கவுந்துரும். அவன் திரும்பியே வர மாட்டான்.”

சிரிப்பு சன்னல் பக்கம் தொடங்கிச் சுவர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. ஒரு நாற்காலி எழுந்தது. இன்னொன்று. முதல் வரிசையில் எனக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தவரே தன் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனார். ரேணுகா மேடம் கரண்டியால் கண்ணாடித் தம்ளரைத் தட்டினார். பத்து நிமிடம் தேநீர். அதன் பிறகு தலைவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் முடிவுரை.

நான் எண்ணிப் பார்த்தேன். போனவர்கள் போக, இன்னும் என் பக்கத்தில் நான்கு நாற்காலி அதிகமாக இருந்தது.

படிக்கட்டில்

மரப் படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா கல்யாணம் ஆகிச் சுங்கை பாக்காப்பில் இருக்கிறாள், அங்கே ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் கேட்டது.

லாரிப் படம் எப்படி முடியும் என்று கேட்டேன். எந்த லாரிப் படம் என்றாள். சொன்னேன். குழாய்ச் சத்தம் நின்றது. பிறகு, வெடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு.

“அடப்பாவி. அத இன்னுமா நம்பிக்கிட்டிருக்க?”

சந்தைக்காரர் டிஸ்க்கை மாற்றி வைத்துவிட்டார் என்பது போட்ட முதல் நிமிடமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நிறுத்தினால் நான் சொறிவேன், அம்மா வந்து அவளைத்தான் திட்டுவார். ஆகவே மீசையை எடுத்தாள், தங்கையைக் கொண்டுவந்தாள். புயலில் படகு மாட்டிய இடத்தில் டிஸ்க்கும் மாட்டிக்கொண்டது. படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது.

“அப்புறம்?”

“டிவிய அடைச்சிட்டு உன்ன கண்ண மூடச் சொன்னேன். மீதிய நான்தான் சொன்னேன்.”

“அம்மா நின்னாங்களே, துறையில.”

“நான்தான் நிக்க வச்சேன். அவன் வீட்டுக்கு வராட்டி நீ அழுவ. அழுதா கண்ணத் துடைக்கக் கை மேல போகும்ல?”

நான் ஹார்னைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமலே அவள் அடித்தாள். “பாம்... பாம்... பாஆஆம்.” கடைசியது மட்டும் நீளம். இருபது வருடமாக என் காதில் இருக்கிற அதே நீளம்.

விஷயத்தைச் சொன்னேன். மைக், நாற்காலி, எல்லாம். அவள் மறுபடி குழாயைத் திறந்தாள்.

“இதுக்கா உட்கார்ந்திருக்க? நம்ம ஊருக்கு வந்த பிரதியில அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க லா.”

சிவப்புக் கோடு

நம்பியிருப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். வாக்கியம் வாயில் தயாராகவே இருந்தது. பழைய வாக்கியம்தானே, ஏற்கெனவே ஒரு தடவை வேலை செய்தது. பிரான்சிஸ் அண்ணன் தன் இரண்டு நிமிடத்தில், கதாநாயகனுக்கு வயதானதுதான் இரண்டாம் பாகத்தின் பலம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என் பக்கத்திலிருந்து ஒரே ஒரு நாற்காலிதான் நகர்ந்தது. நான் இன்னமும் முன்னிலையில்தான் இருந்தேன்.

எழுந்து மைக்கைப் பிடித்தேன். அம்மையைச் சொன்னேன். வேப்பிலையை, ரிமோட்டை, மாறிப்போன டிஸ்க்கை, மீசையை. மீசைக்கு எல்லாரும் சிரித்தார்கள். படகுத்துறைக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

“ஒரு படத்துல அவன் ஜெயிலுக்குப் போறான். இன்னொரு படத்துல கடல்ல போயிடுறான். ரெண்டு படத்துலயும் அவன் வீட்டுக்கு வரல. எங்க அக்காதான் அவனைக் கூட்டிட்டு வந்தா. நான் இவ்வளவு நாளா முதல் பாகம்னு சொல்லிச் சண்டை போட்டது, அவ சொன்ன மீதிக் கதைக்காக. பின்னாடி வந்த அந்தக் கதை, முன்னாடி பார்த்த படத்தையே மிஞ்சிருச்சு. அதுக்கு நானே சாட்சி. அப்புறம் நான் எப்படி இந்தப் பக்கம் உட்கார்றது?”

சொல்லிவிட்டு என் நாற்காலியைத் தூக்கினேன்.

இருபது அடி கூட இருக்காது. சிவப்பு டேப்பைத் தாண்டும்போது அது ஓரத்தில் கொஞ்சம் உரிந்திருப்பதைப் பார்த்தேன். தம்ளருக்கு மேலே கரண்டியைப் பிடித்தபடி ரேணுகா மேடம் தட்ட மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரான்சிஸ் அண்ணன் தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.

“மெதுவா வை, தம்பி. கால் ஒன்னு ஆடுது.”

விதி விதிதான். மைக் பிரான்சிஸ் அண்ணனுக்குப் போனது. யாரும் மறுக்கவில்லை. எனக்காக இல்லாவிட்டாலும் ஒரு பேச்சுக்காவது யாராவது மறுத்திருக்கலாம்.

இப்போது சனிக்கிழமை தோறும் மோட்டாரில் போகும்போது அவர் நிகழ்ச்சியைக் கேட்கிறேன். நன்றாகத்தான் செய்கிறார். ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு நடுவே ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டு முடிக்கலாம். நான் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொண்டு போகிறேன்.

உண்மையான மூன்றாவது

அன்று மதியமே ஃபெரியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு வந்து, நேராகச் சுங்கை பாக்காப்புக்கு விட்டேன். கடைசியாக அங்கே போய் நாலைந்து மாதம் இருக்கும். செம்பனை மரங்களுக்குப் பின்னால் வெயில் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, அக்கா வீட்டு டிவியில் இணையத்தில் லாரிப் படத்தைத் தேடிப் போட்டோம். முதல் இரண்டு டிஸ்க் அளவுக்கு வேகமாக ஓட்டிவிட்டு, கடைசிப் பகுதியிலிருந்து பார்த்தோம். அக்காவும் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கதாநாயகனுக்கு மீசை இருந்தது. கடல் இல்லை. வறண்ட ஊர், செம்மண் சாலை, சிறை வாசல். லாரி சாலையோரம் காலியாக நின்றது. அம்மா தூரத்தில் நின்றுகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இதுக்குத்தான் பிளாட்டே கெடந்து அழுதுச்சா?” என்றாள் அக்கா.

அவன் சிறை வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினான். மூன்று முறை ஹார்ன் கேட்கும் என்று ஏதோ ஒரு முட்டாள்தனமான நம்பிக்கை எனக்கு. என்னை அறியாமல் கை புருவத்துக்கு மேலே போயிருந்தது.

திரையில் அவன் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டான்.

திரும்பிப் பார்த்தேன். ரிமோட் அக்காவின் மடியில் இருந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கைய எடு.”

எடுத்தேன். அவன் நடந்து உள்ளே போனான்.